கஷ்டப்பட்டு குட்டி போட்ட குதிரையை மறுபடி எப்ப சேர்க்கலாம்?

வணக்கம். குட்டி உள்ள மாட்டி, கை விட்டு இழுத்து எடுத்த குதிரையை குட்டி போட்ட ஒன்பதாம் நாள் வாக்குல வர்ற பருவத்துலயே ஆண் குதிரையோட சேர்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம். அந்தப் பருவத்தை விட்டுடுங்க.

அவசரம் எதுக்குன்னு புரியுது. சினைக்காலம் சுமார் 340 நாள். வருஷம் ஒரு குட்டி வேணும்னா 25 நாளுக்குள்ள சினை நிக்கணும். ஆனா சுகமா ஈன்ற குதிரைக்கே கருப்பை உள்சவ்வு ஆற ரெண்டு வாரம் பிடிக்கும். இழுத்து எடுத்ததுக்கு இன்னும் கூட.

இங்க பாருங்க, நஞ்சுக்கொடியைத் தார்ப்பாய்ல விரிச்சிருக்கேன். குட்டி வெளிய வந்த கிழிசல் இது, இது இருக்கத்தான் செய்யும். கருப்பைக்கு ரெண்டு கிளை உண்டு, அதைக் கொம்புன்னு சொல்வோம்; நஞ்சுக்கொடியும் அதே வடிவத்துலதான் இருக்கும். ரெண்டு கொம்போட நுனியும் முழுசா இருக்கான்னுதான் பார்க்கணும். குட்டி இல்லாத கொம்பு, இந்தச் சின்னது, மெல்லிசா இருக்கே, இதோட நுனிதான் பெரும்பாலும் அறுந்து உள்ள தங்கிடும். ஒரு துண்டு தங்கினாலே சீழ் பிடிச்சு, விஷம் ரத்தத்துல ஏறி, குளம்பையே பாதிக்கும். குட்டி போட்டு 3 மணி நேரத்துல நஞ்சுக்கொடி விழலைன்னா டாக்டரைக் கூப்பிடுங்க, இழுக்காதீங்க.

பத்து நாள் கழிச்சு ஸ்கேன். உள்ள நீர் தேங்கி, அதுல சாம்பல் புள்ளிகள் மிதந்தா அழுக்கு இருக்குன்னு அர்த்தம். உடல் சூட்டுக்கு வந்த ரிங்கர் லாக்டேட்டை (டிரிப்ஸ்ல ஏத்துற உப்பு நீர்) லிட்டர் லிட்டரா விட்டு, வெளிய வர்றது தெளியிற வரைக்கும் கழுவணும். அப்புறம் கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் 10லிருந்து 20 யூனிட். கூடப் போட்டா கருப்பை ஒரேயடியா இறுகிடும், நீரைத் தள்ளாது.

கருப்பைக்குள்ள பஞ்சுக்குச்சியால ஸ்வாப் எடுத்தா, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் மட்டும் போதாது, செல் பரிசோதனையும் கேளுங்க. கிருமி வளர்ந்திருக்கு, ஆனா கிருமியை எதிர்க்க வர்ற ரத்த வெள்ளணு இல்லைன்னா அது வெளியிலிருந்து ஒட்டினதா இருக்கலாம். அதை நம்பி ஆன்டிபயாடிக் ஊத்தினா பூஞ்சை கிளம்பும், அதைக் குணப்படுத்துறது இன்னும் கஷ்டம்.

நிறைய பேர் கோட்டை விடுறது கருப்பை வாய்லதான். பருவத்துல அது தளர்ந்து கிடக்கும், கிழிசல் கைக்குச் சிக்காது. முட்டை வெளியாகி 5, 6 நாள்ல இறுகி மூடியிருக்கும்போது, ஆள்காட்டி விரல் உள்ள, கட்டைவிரல் வெளிய வச்சு சுத்தி வரணும். தடிப்பு ஒரு இடத்துல சட்டுனு மெலிஞ்சா அங்க கிழிஞ்சிருக்கு. வாய் சரியா மூடலைன்னா கிருமி ஏறும், நின்ன சினையும் கலைஞ்சிடும். பெரிய கிழிசலைத் தைச்சு, ஆறின பிறகுதான் சேர்க்கணும்.

எல்லாம் சரியா இருந்தா அன்னைக்கே டாக்டர் பருவத்தைச் சீக்கிரம் வரவைக்கிற புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடலாம். மூணு நாலு நாள்ல அடுத்த பருவம் வந்துடும். விட்ட பருவத்தால நஷ்டம் ரெண்டு வாரம்தான். அந்த மருந்து தோல் வழியாவே உள்ள போகும், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவங்களும் தொடவே கூடாது.

அந்தப் பருவத்துல ஒரே தடவை சேர்த்தா போதும், மறுநாள் நீர் தேங்கியிருக்கான்னு ஸ்கேன் பண்ணுங்க.