தலைக்கு மேலே இரண்டடி இடம்

வணக்கம். ஏசி டக்ட் வேலை செய்கிற ஆளை மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள், கரண்ட் பில்லைக் குறைக்க வழி சொல்வான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பேச வந்தது உங்கள் தலைக்கு மேலே இருக்கிற இடத்தைப் பற்றி.

அலுவலகம், மருத்துவமனை, துணிக்கடை, எங்கே போனாலும் இன்று ஃபால்ஸ் சீலிங்தான். அதற்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அடி இடம் இருக்கும். பல கட்டடங்களில் அது வெறும் பொந்து இல்லை, காற்று போகிற பாதை. குளிர்ந்த காற்று டக்ட் என்கிற தகரக் குழாய் வழியாக வந்து இறங்கும், அறையின் சூட்டுக் காற்று சீலிங் கிரில் வழியாக மேலே ஏறி, அந்த இடைவெளி முழுக்கப் பரவி, ஏசி இயந்திர அறைக்குப் போய்க் குளிர்ந்து திரும்பி வரும். திரும்புகிற காற்றுக்குத் தனி டக்ட் வேண்டாம், காசு மிச்சம். சரி, அங்கே ஒரு ஒயர் கருகினால்? மிஷினை யாராவது நிறுத்தும் வரை அந்தப் புகையையும் அதே ஃபேன்தான் இழுத்து எல்லா நாற்காலிக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று தீப்பிடித்தது கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய டிரான்ஸ்ஃபார்மரில். செத்தவர்கள் மேலே பால்கனியில். 59 பேர். நெருப்பு அங்கே போகவே இல்லை, படிக்கட்டு வழியாகவும் ஏசி டக்ட் வழியாகவும் புகைதான் போனது. வழியை மறித்து நாற்காலி போட்டதும் கதவு பூட்டியிருந்ததும் தனிக் கொடுமை.

அதற்கு முந்தைய வருஷம், ஏப்ரல் 11, ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் விமான நிலையம். முனையத்தை ஒட்டிய மேம்பாலச் சாலையில் வெல்டிங் வேலை. உருகிய துளிகள் சாலை இணைப்பின் இடுக்கில் இறங்கி, கீழ்த்தள சீலிங்குக்கு மேலே ஒட்டியிருந்த பாலிஸ்டைரீனில் விழுந்தன. நம்ம ஊர் தெர்மாகோல்தான் அது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீ வளர்ந்துவிட்டது. 17 பேர் போனார்கள், அதில் 7 பேர் லிஃப்டில் வந்தவர்கள், கதவு திறந்தது தீப்பிடித்த தளத்தில்.

நம் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது? ஒரு டைலைத் தள்ளி டார்ச் அடித்தால் தெரியும். மூன்று முறை அலுவலகம் மாறியிருந்தால் மூன்று தலைமுறை நெட்வொர்க் கேபிள் அங்கேயே கிடக்கும், பழையதை உருவி எடுக்கக் கூலி யார் கொடுப்பது? அப்புறம் அட்டைப்பெட்டி, டீ கப், ஒருமுறை ஒற்றைச் செருப்புகூட. ஒயர், கேபிள் மேலுறையாக இருக்கிற சாதாரண பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தொண்டை ஈரத்தில் பட்டால் அதுவே அமிலம். வாங்கும்போது எஃப்ஆர்எல்எஸ் என்று ஒயரின் மேலேயே அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், அது லேசில் பற்றாது, புகையும் குறைவு. சீலிங்கில் அல்லது சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் பார்த்திருப்பீர்கள், அழகுக்கு வைத்ததில்லை, மேலே ஒளிந்திருக்கிற புகை டிடெக்டர் அடித்தால் கீழே இருப்பவருக்குக் காட்டுவதற்கு.

டக்ட் சுவரைத் தாண்டுகிற இடத்தில் டேம்பர் என்று ஒரு தகடு இருக்கும். பலவற்றில் அதைத் திறந்து பிடித்திருப்பது ஒரு சின்ன உலோக இணைப்பு, தீயின் சூட்டில் 72 டிகிரி வாக்கில் உருகும், தகடு சாத்திக்கொள்ளும், தீ டக்ட் வழியாக அடுத்த பக்கம் பரவாமல் தடுக்கும். ஓர் ஐந்து மாடி அலுவலகத்தில் டைலைத் தூக்கினால், அந்தத் தகட்டைக் கட்டுக்கம்பி போட்டு நாலு சுற்று இறுக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அடிக்கடி பாதி சாத்திக்குதுண்ணே, மேனேஜர் கேபின்ல கூலிங் வரலன்னு கம்ப்ளெயிண்ட்" என்றான் பராமரிப்புப் பையன். கம்பியை வெட்டி, இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு மாசம் கழித்து சர்வீஸுக்குப் போனால், அதே தகட்டில் புதுக் கம்பி.