வெள்ளிக்கிழமைக்கு 10 வெள்ளி கூடிவிட்டது, இனி வீட்டில் இருக்கலாமா?

வணக்கம் உறவுகளே. இன்று சமையல் இல்லை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் இல்லை, பேச்சு மட்டும்தான். பின்னால் துணி மிஷின் ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்குத் துவைக்க நேரம் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவன் பள்ளிக்குப் போய்விட்டான், சின்னவள் தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை பார்க்கும் அக்கா வெள்ளிக்கிழமைக் காசைக் கூட்டிவிட்டார். சின்னவளுக்கு மாதம் 400 வெள்ளி, அதாவது ரிங்கிட், அதில் மாற்றமில்லை. பெரியவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமைக்கு 20 வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 30.

வெளி மாநிலத்து ஆட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பாடாங் செராய், மலேசியாவில் கெடா மாநிலத்தில் இருக்கிறது. கெடாவில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கோ சனி, ஞாயிறுதான் விடுமுறை. அதாவது நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவன் பள்ளியில், அவன் வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை நான் வேலையில். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதனால் வெள்ளிக்கிழமைக் காசு எனக்கு விருப்பச் செலவு இல்லை, கட்டியே ஆக வேண்டிய காசு. இந்த மாதம் ஐந்து வெள்ளிக்கிழமை வருகிறது. 100 கொடுத்த இடத்தில் 150. அவன் சாப்பாட்டை நான்தான் டப்பாவில் கட்டி அனுப்புகிறேன், மைலோகூட நான்தான் கொடுத்துவிடுகிறேன், அப்படியிருந்தும் ஒரேயடியாக 10 வெள்ளி! 5 வெள்ளி கூட்டியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சரி, அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மடியிலேயே வைத்திருந்தவர் அவர். காசு கூடியதுதான் எரிச்சல்.

அன்று இரவு வீட்டுக்காரர் கணக்கு எழுதும் 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் அடிப்படைச் சம்பளம் 2,000. இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் போய்க் கைக்கு வருவது 1,766. பிள்ளை பார்க்க 400, வெள்ளிக்கிழமைக்கு 150, பள்ளி வேன் 90, காலையில் அவசரத்துக்குக் கடையில் வாங்கும் நாசி லெமாக், ரொட்டி சானாய் வகையில் 120. எழுதிக் கழித்து, அடியில் கோடு போட்டு, “ஆயிரத்துச் சொச்சத்துக்கா இந்த ஓட்டம்? வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் ஆசை வந்தது. போன வாரம் சின்னவளைத் தூக்கும்போது அவள் தலையில் வேறு வீட்டு எண்ணெய் வாசனை அடித்தது, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் அந்த வாசனையோடு நடந்து வந்தேன். அது எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து கைப்பேசியில் இபிஎஃப் கணக்கைத் திறந்தேன். என் பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி. முதலாளி போடுவது 13 விழுக்காடு, 260. மாதம் 480 வெள்ளி அந்த 555 புத்தகத்தில் இல்லவே இல்லை! வருடத்துக்கு 5,760. சின்னவள் ஒன்றாம் ஆண்டு போகும்வரை நான்கு வருடம் வீட்டில் இருந்தால் போதும் என்கிறார், அப்படியானால் 23,040 வெள்ளி, லாப ஈவைச் சேர்க்காமலேயே. 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். எனக்கு இப்போது 34, திரும்பப் போகும்போது 38. அப்போது யார் 2,000 கொடுப்பார்கள்? குறைந்தபட்சச் சம்பளமான 1,700இலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் கேட்டேன். பிள்ளைச் செலவு முழுவதும் ஏன் என் சம்பளத்தில் மட்டும் கழிகிறது? அவருடைய 2,600இல் ஏன் ஒரு காசுகூடக் கழியவில்லை? இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளைகள்தானே. காலையில் அதே பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, அவர் பெயர் ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம் எழுதி, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக் காட்டினேன். மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன வீடியோவுக்குக் கீழே சிலர், அந்தக் காலத்தில் அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் காலம்? எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்குப் போனவர். பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. எங்கள் அம்மாவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போவார். வரிசையாக ஏணை கட்டியிருக்கும், அழுகிற பிள்ளையை ஆயா காலால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றுக்குக் கஞ்சி ஊட்டுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தோட்டத்து ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம், பாட்டியின் கைக்காசு இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம், ஆயாக் கொட்டகை எங்களோடு வரவில்லை. வீட்டில் இருப்பது எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குப் பழைய வழக்கம் இல்லை, நான் இருந்தால் நான்தான் முதல் ஆள்.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவன் பிறந்தபோது எனக்குப் பிரசவ விடுப்பு 60 நாள். சின்னவள் 2023இல் பிறந்தாள், அந்த வருடம் ஜனவரியில் வேலைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து 98 நாள் கிடைத்தது, வீட்டுக்காரருக்கும் 7 நாள். அந்த 38 நாள் வித்தியாசம் என்னவென்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

அதனால் நான் வேலையை விடுவதாக இருந்தால் சில நிபந்தனைகள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய இபிஎஃப் பங்கான 11 விழுக்காட்டில் 2 விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றலாம், ஐ-சாயாங் என்று பெயர். அவர் சம்பளத்துக்கு அது மாதம் 52 வெள்ளிதான், ஆனாலும் என் பெயரில் விழும். முறுக்கு சுட்டு விற்று, இபிஎஃப்பில் நாமாகப் பணம் போடும் ஐ-சாரான் திட்டத்தில் நானும் போடுவேன், வருடத்துக்கு 2,500 போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு, 500 வெள்ளி சேர்க்கிறது. அப்புறம் சொக்சோவில் இல்லத்தரசிகள் திட்டம், வருடத்துக்கு 120 வெள்ளி.

ஆ, இதைச் சொல்ல மறந்தேவிட்டேன். அந்தத் திட்டத்தில் என் நாத்தனாரைச் சேர்த்துவிட்டேன்! வீட்டில்தான் இருக்கிறார், பத்து வருடமாக அடுப்படியில் வேலை, கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டினால் கேட்க நாதியில்லை. 55 வயதுக்குள் இருந்தால் சேரலாம். மாதத்துக்கு 10 வெள்ளி, ஒரு தே தாரேக்கும் ஒரு தட்டு மீ கோரேங்கும் சாப்பிடும் காசு. வீட்டில் இருக்கும் அக்காமார்களே, உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இப்போதைக்கு வேலையை விடவில்லை. ஏன் என்றால், நான் கோடு போட்ட அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவரே போய்த் தான் வேலை செய்யும் செம்பனை ஆலையில் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று. மாதத்தில் இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். 60 வெள்ளி மிச்சம், பிள்ளைக்கு அப்பாவும் மிச்சம். நான் கேட்கச் சொல்லவே இல்லை, அவராகக் கேட்டார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வெள்ளிக்கிழமைதான் முதல் முறை. பெரியவனை முடி வெட்டக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன், காதோரம் ஒட்ட வெட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். டப்பாவில் சாப்பாடு கட்ட வேண்டாம், தானே ரசம் வைக்கிறேன் என்கிறார். மிஷின் நின்றுவிட்டது, சின்னவளும் எழுந்துவிட்டாள். இரும்மா, வருகிறேன்.