வாசலில் கழற்றி வைத்த மொழி

(ஹூஸ்டனில் தமிழ் நண்பர்கள் கூடும் மாதக் கூட்டத்தில், செப்டம்பர் கடைசி வாரம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நீட்டி முழக்கினால் பாவம் சேரும் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆபீஸ்களிலும் அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். 'ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தைக் கொண்டாடுவோம்' என்று ஒரு தலைப்பு. ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவர்களை இங்கே ஹிஸ்பானிக் என்பார்கள். வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் மெக்சிகோ பலகாரமான டாக்கோ. அப்புறம் ஊழியர்கள் சிலரின் படம் போட்டு, 'என் வேலைப் பயணம்' என்று ஆளுக்குப் பத்து வரி. என் குழுவில் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். டாக்கோ தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தவர், "எங்கள் ஊரில் இது கிடையாது. எங்களுக்கு அரேப்பா என்ற சோள ரொட்டிதான்" என்று சிரித்தார். போன தீபாவளிக்கு அதே கேன்டீனில் நமக்காகப் பட்டர் சிக்கன் போட்டார்களே, அன்றைக்கு நானும் இப்படித்தான் சிரித்தேன்.

அந்த மாதம் ஏன் செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்குகிறது என்று என் மகள் கேட்டாள். நம் ஆடியும் ஆவணியும் ஆங்கில மாதத்தின் நடுவில்தானே பிறக்கின்றன என்று சொல்லித் தப்பித்தேன். உண்மைக் காரணம் வேறு. 1821 செப்டம்பர் 15 அன்று குவாத்தமாலா, எல் சல்வடார், ஹொண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா ஐந்துக்கும் ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவிப்பு வந்தது. மறுநாள் மெக்சிகோவின் விடுதலை நாள். 18-ஆம் தேதி சிலியினுடையது. 1968-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரக் கொண்டாட்டமாகத் தொடங்கியதை, 1988-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அக்டோபர் 15 வரை நீட்டியது. இதுவரை அந்த மின்னஞ்சலிலேயே இருக்கும். அதில் இல்லாததைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

வேலைக்குப் போகிறவன் எதையெல்லாம் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது? இந்த மக்கள் விஷயத்தில் முதலில் கழன்றது மொழி.

இங்கிருந்து ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டினால் ப்ரவுன்ஸ்வில் வந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. இப்போது பக்கத்துக் கடற்கரையில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் பார்க்கக் குடும்பத்தோடு போகிறீர்கள், தெரியும். 1970-களில் அந்த ஊரில் ஒரு மரக்கடை. மரம், வீட்டுச் சாமான் விற்பார்கள். ஹெக்டர் கார்சியா அங்கே விற்பனையாளர். அவரை வேலைக்கு எடுத்ததற்கு ஒரு காரணம், அவருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பது. ஊரில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், கடையின் விற்பனையாளர்களிலும் பெரும்பாலோர் அப்படியே. ஆனால் கடையில் ஒரு விதி இருந்தது. ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர் வந்தால் அவரிடம் ஸ்பானிஷில் பேசலாம். வேலை நேரத்தில் உங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் சக ஊழியர் ஒருவர், வாடிக்கையாளர் கேட்ட பொருள் இருக்கிறதா என்று கார்சியாவிடம் விசாரித்தார். இல்லை என்று கார்சியா ஸ்பானிஷில் பதில் சொன்னார். அதற்குப் பின் அவருக்கு அங்கே வேலை இல்லை.

வழக்கு நடந்தது. 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆங்கிலமும் தெரிந்தவர்தானே, எந்த மொழியில் வாய் திறப்பது என்பது அவரே தேர்ந்தெடுத்துக்கொள்கிற விஷயம்தானே என்பது நீதிபதிகளின் வாதம். சட்டம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழி நாக்கில் தானாக வந்து விழுகிறதா, தேர்ந்தெடுத்து எடுத்து வைக்கிறோமா என்று, வழுக்கி விழும்போது உங்கள் வாயில் 'அம்மா' வருகிறதா வேறு ஏதாவது வருகிறதா என்பதை வைத்து நீங்களே சொல்லுங்கள். அதே ஆண்டுக் கடைசியில் சம வேலைவாய்ப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. எந்நேரமும் ஆங்கிலம்தான் என்ற விதியைப் பாகுபாடாகவே கருதுவோம், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் என்றால் தொழிலுக்கு அது ஏன் தேவை என்று முதலாளி காட்ட வேண்டும் என்றது. கார்சியாவுக்கு அது உதவவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய மொழி கடைக்கு வேண்டியிருந்தது, விற்பதற்கு மட்டும். 'இரு மொழி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று இன்றைக்கும் விளம்பரம் பார்க்கிறோம். அந்த இரண்டாம் மொழிக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், வேலைக்குப் போவதற்கு வெகு முன்பே வீட்டிலேயே மொழியைக் கழற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லன் ஓச்சோவா பெயர் ஹூஸ்டன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநராக 2013 முதல் 2018 வரை இருந்தவர். 1993 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் ஏறி, விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண் ஆனவர். அங்கே புல்லாங்குழல்கூட வாசித்தார். அவருடைய அப்பா மெக்சிகோ வம்சாவளி. ஆனால் அவர் வீட்டில் பிள்ளைகளோடு ஸ்பானிஷ் பேசவில்லை. தாய்மொழி பேசுகிறவர்கள்மீது அந்தக் காலத்தில் இருந்த வெறுப்புக்குப் பயந்து, பிள்ளைகளாவது தப்பட்டும் என்று நினைத்தார். மகள் பின்னாளில் இதை வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். எந்தப் பாரம்பரியத்துக்காக அவரை மேடைக்கு அழைக்கிறோமோ, அந்த மொழி அவருக்கு வீட்டில் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளை பாட்டியிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பதில் சொல்வதைப் பார்க்கும்போது அந்த அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அவருக்குப் பயம் இருந்தது. நமக்குச் சோம்பல்.

எல்லனின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கல்லூரியில் ஒவ்வொரு பாடமாக எடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் படித்துப் பட்டம் வாங்கியவர். மகள் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இயற்பியல் துறையில் வரவேற்றார்கள், அதையே படித்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியது எதில் என்றால், அதே மின்பொறியியலில். பத்து வரி 'வேலைப் பயணத்தில்' இந்த அம்மாவுக்கு இடம் இருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, ஆபீஸ் வேலையை விட்டு வயலுக்கு வருவோம். கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளிகள் 'எல் கொர்த்தீத்தோ' என்று ஒரு கருவியைச் சொல்வார்கள். குட்டையானது என்று பொருள். இரண்டடிக்கு மேல் போகாத பிடி போட்ட மண்வெட்டி. கீரை, சர்க்கரை பீட்ரூட் வயல்களில் நாள் முழுக்க இடுப்பை மடக்கியபடி நாற்று கலைக்க வேண்டும். நீளப் பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். இன்னொரு வசதியும் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும் மேஸ்திரிக்கு, நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று உடனே தெரிந்துவிடும். முதுகெலும்பு போன எத்தனையோ பேருக்காக வழக்கறிஞர்கள் போராடி, 1975-இல் அந்த மாநிலம் அதைத் தடை செய்தது. களைக்கொட்டு பிடித்த அம்மாக்களின் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறோம். இடுப்பு வலி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதே கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊரில், 1965 செப்டம்பர் 8 அன்று திராட்சைத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான ஃபிலிப்பினோக்கள். இதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். சேசர் சாவேஸும் டோலோரஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திய சங்கத்தின் மெக்சிகோ தொழிலாளிகள் ஒரு தேவாலயத்தில் கூடி, நாமும் சேருவோம் என்று முடிவெடுத்த நாள் செப்டம்பர் 16, அவர்களுடைய விடுதலை நாள். கூலி ஒப்பந்தம் கைக்கு வர 1970 ஆயிற்று. ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்துக்குள்ளேயே இந்த செப்டம்பர் 16 இருக்கிறது. ஆனால் நிர்வாகம் அனுப்பும் மின்னஞ்சலில் இதைத் தேடாதீர்கள். வேலைநிறுத்தத்தைக் கொண்டாடச் சொல்லும் நிர்வாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஹுவெர்ட்டா அதற்கு முன் ஸ்டாக்டன் என்ற ஊரில் ஆசிரியை. பசியோடு வகுப்புக்கு வந்த பண்ணைத் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்காமல், அந்த வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரைச் சங்கத்தில் சேர்க்கப் போனார்.

அதே ஸ்டாக்டன் பக்கத்தில் ஹோசே ஹெர்னாண்டஸ் வளர்ந்தார். 1962-இல் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவின் மிச்சோவக்கானிலிருந்து வந்தவர்கள், இருவருக்கும் மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஸ்ட்ராபெரி, வெள்ளரி, திராட்சை என்று அறுவடை போகும் திசையில் குடும்பம் போகும். குளிர்காலத்தில் சில மாதம் மெக்சிகோவுக்குத் திரும்பும். பள்ளி மாறிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வயது வரை அவருக்கு ஆங்கிலம் பிடிபடவில்லை. இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து, பிள்ளைகளை இப்படி இடம் மாற்றாதீர்கள் என்று பெற்றோரிடம் பேசினார். நாற்றை எத்தனை தடவைதான் பிடுங்கி நடுவது? அப்பா கேட்டுக்கொண்டார். அந்த ஆசிரியை வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

1972 டிசம்பரில் அப்போலோ 17. அப்போலோ திட்டத்தின் கடைசி நிலாப் பயணம். பத்து வயதுப் பையன், படம் தெளிவாகத் தெரிய டிவியின் ஆன்டெனாவைக் கையால் பிடித்துக்கொண்டே பார்த்தான். நானும் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னான். மூன்றாம் வகுப்பு படித்த அப்பா, என்ன வேண்டும் என்று முடிவு செய், எவ்வளவு தூரம் என்று பார், வழியை வரை, படி, உழை என்று சமையல் குறிப்புபோல ஐந்து சொன்னார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1980-இல் பள்ளிக் கடைசி ஆண்டு. சர்க்கரை பீட்ரூட் வயலில் களை வெட்டிக்கொண்டிருக்கிறார். டிரான்சிஸ்டரில் செய்தி: கோஸ்டாரிகாவில் பிறந்த ஃப்ராங்க்ளின் சாங்-டியாஸை நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நம்மைப் போல் பெயர் உள்ள ஒருவர்! சாங்-டியாஸ் 1968-இல் அமெரிக்கா வந்தபோது கையில் இருந்தது ஐம்பது டாலர், ஆங்கிலம் கிடையாது. பின்னால் ஏழு முறை விண்வெளிக்குப் போய் வந்தார்.

ஹெர்னாண்டஸ் மின்பொறியியல் படித்தார், லிவர்மோர் ஆய்வகத்தில் சேர்ந்தார். மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் டிஜிட்டல் எக்ஸ்ரே முறையை உருவாக்கும் பணியில் அங்கே பங்கெடுத்தார். அதுவே ஒரு வாழ்நாளுக்குப் போதும் என்பேன். அவருக்குப் போதவில்லை. நாசாவுக்கு விண்ணப்பம் போட்டார். இல்லை என்று பதில். அடுத்த தடவையும் இல்லை. இப்படிப் பதினொரு தடவை. நடுவில் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார், மனைவிதான் விடாதே என்றார். தேர்வாகிறவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, விமானம் ஓட்டவும் கடலடியில் நீந்தவும் கற்றார். ரஷ்ய மொழியும் படித்தார். நேர்காணல் குழுவில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், டிரான்சிஸ்டரில் பெயர் கேட்ட அதே சாங்-டியாஸ். பன்னிரண்டாவது விண்ணப்பத்தில், 2004-இல், தேர்வானார்.

2009 ஆகஸ்ட் கடைசியில் டிஸ்கவரி கிளம்பியது. ஏறக்குறைய 14 நாள் பயணம். மேலே இருந்துகொண்டு அவர் ட்விட்டரில் ஆங்கிலத்திலும் எழுதினார், ஸ்பானிஷிலும் எழுதினார். விண்வெளியிலிருந்து ஸ்பானிஷில் ட்வீட் போட்ட முதல் ஆள் அவர். ப்ரவுன்ஸ்வில் கடையில் சொல்லக் கூடாது என்ற மொழி.

கடைசியாக, வியாழக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். ஸ்பானிஷ்காரர்கள் பெயருக்குப் பின்னால் அப்பா வழிப் பெயர், அதற்குப் பின்னால் அம்மா வழிப் பெயர் என்று இரண்டு வைத்துக்கொள்வார்கள். இங்கே ஆபீஸ் கணினி கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். நமக்கோ அப்பா பெயரே கடைசிப் பெயர். ஒரு மேலாளர் ஏழு வருஷம் என்னை என் அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டார். ஊரில் பெரியவர்கள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனுஷர் என் அப்பா! இந்த வியாழக்கிழமை, கொலம்பியாப் பெண்ணிடம் அவருடைய முழுப் பெயரைக் கேட்டேன். பக்கத்து மேஜையில் இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு முதல் தடவையாகக் கேட்கிறேன். நான்கு பெயர் சொன்னார், ஒவ்வொன்றும் யாருடையது என்று சொன்னார். பாதி நேரம் பாட்டிகளைப் பற்றியே பேசினார். அப்புறம் என் இனிஷியலுக்கு விரிவு கேட்டார். நானும் சொன்னேன், ஊர்ப் பெயர் உட்பட. டாக்கோ ஆறிப்போயிற்று.

பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள், இட்லி ஆறுகிறதாம். வாருங்கள்.