வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, வணக்கம். சர் சங்கரன் நாயர் நிலைத்து நிற்பது வக்கீல் தொழிலாலா, அரசியலாலா? இதுதான் தலைப்பு. நான் கறுப்பு அங்கிப் பக்கம்.

எதிரணி அண்ணன், 1897 அமராவதி காங்கிரசுக்கு நாயர் தலைமை தாங்கியதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். சரி. நம்ம மங்கரைக்காரர், காங்கிரஸ் தலைவரான ஒரே மலையாளி, யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த மாநாட்டில் அவர் பேசியதில் ஒரு வரியாவது அண்ணன் சொன்னாரா?

தமிழில் ஒரு வேடிக்கை. கேஸ் கொடுப்பவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். என் மாமா வரப்புத் தகராறு ஒன்றுக்காக மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார். தோற்கிற கேஸ் என்று வக்கீலுக்குத் தெரியும். ஆனாலும் 'அடுத்த வாய்தாவில் பாத்துக்கலாங்க' என்பார். கிடைத்த கட்சிக்காரரை எந்த வக்கீல் விடுவார்?

நாயருக்குக் கட்சிக்காரர் வெள்ளைக்கார சர்க்கார். 1907ல் மதராஸ் அட்வகேட் ஜெனரல், அப்புறம் ஹைகோர்ட் ஜட்ஜ், 1915ல் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சில் உறுப்பினர். 1919ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை, பஞ்சாபில் ராணுவச் சட்டம். பதவியைத் தூக்கிப் போட்டார். 'அதுதான் அரசியல்' என்கிறார் அண்ணன். இல்லைங்க. கட்சிக்காரன் கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தது அது.

அத்தோடு விட்டாரா? 1922ல் காந்தியைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். (ஓட்டுக் கேட்கிறவர் செய்கிற காரியமா அது?) பஞ்சாப் கொடுமைக்கு அந்த மாகாணத்தை ஆண்ட ஓட்வயரே பொறுப்பு என்று அதிலேயே எழுதினார். ஓட்வயர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1924ல் ஐந்து வாரம் விசாரணை. ஜூரிகள் பன்னிரண்டு பேரில் 11 பேர் ஓட்வயர் பக்கம் சாய்ந்தார்கள், அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கி ஒருவர்தான் மறுத்தார்.

'தோற்ற கேஸையா பெருமை பேசுகிறீர்கள்' என்று அண்ணன் சிரிக்கிறார். சிரியுங்கள். மன்னிப்புக் கேட்டால் 500 பவுண்டு நஷ்டஈடும் செலவும் வேண்டாம் என்றார் ஓட்வயர். நாயர் கேட்கவில்லை. மேடைப் பேச்சென்றால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை, பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான்' என்று கழன்றுகொள்ளலாம். இந்தப் புத்தகமோ கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மாதிரி. பணத்தைக் கட்டினார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அண்ணே, உங்கள் கட்சிக்காரர்களில் அப்படிப் பணம் கட்டிய ஒருவரைச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.