பக்கெட்ல தூள் ஏன் தங்க மாட்டேங்குது? டஸ்ட் செபரேட்டர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அப்படியே படிச்சிடறேன். "அண்ணா, மொட்டை மாடி ரூம்ல சின்னதா பட்டறை போட்டிருக்கேன். மரம் அறுக்கற டேபிள் ஸா, காடி எடுக்கற ரௌட்டர், தேய்க்கற சாண்டர் மூணுக்கும் ஒரே வாக்யூம் கிளீனர்தான். பில்டர் அடிக்கடி அடைச்சுக்குதுன்னு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல வாக்யூமுக்கு முன்னாடியே தூளைப் பிரிச்சு நிறுத்தற டஸ்ட் செபரேட்டர் ஒண்ணு நானே செஞ்சேன். சுருளும் சிராயும் பக்கெட்ல விழுது. நைஸ் தூள் பூரா வாக்யூமுக்கே போயிடுது. காத்தச் சுத்தவிட்டுத் தூளைப் பிரிக்கற சைக்ளோன்னு கடையில விக்கறாங்களே, அதை வாங்கினாத்தான் சரியாகுமா?" கூட போட்டோவும் அனுப்பியிருக்காரு.

வாங்க வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டாம். போட்டோ நல்லா தெளிவா இருக்கு. கீழ ஒரு முழு பக்கெட். அதோட மூடிய வட்டமா வெட்டி, மேல இன்னொரு பக்கெட்டோட பாதிய திருகாணி போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. ரெண்டுக்கும் நடுவுல பிளைவுட் தட்டு. மேல ரெண்டு பிவிசி குழாய். வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்த மூடி, பெயின்ட் வந்த பக்கெட்டோட அதே மூடிதான? ஓரத்துப் பட்டையைக் கிழிச்சுத் திறந்த மூடி. உங்க சிக்கல் மொத்தமும் அந்த ஓரத்துலதான் இருக்கு.

ஏன்னு சொல்றேன். தூளோட வர்ற காத்து சுவர ஒட்டி உள்ள நுழைஞ்சு சுத்துது. சுத்தும்போது கனமானது ஓரத்துக்கு ஒதுங்கி, தட்டோட சந்து வழியா கீழ விழுது. காத்து நடுக்குழாய் வழியா வாக்யூமுக்குப் போகுது. இது எல்லாருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது என்னன்னா, கீழ் பக்கெட்டுக்குள்ள காத்து அசையவே கூடாது. அசையாத காத்துலதான் நைஸ் தூள் உக்காரும். மூடி ஓரத்துல நூல் அளவு சந்து இருந்தாலும் வெளிக்காத்து அது வழியா உள்ள பாயும். உள்ள வந்த காத்து எங்க போகும்? தூள் எந்த சந்து வழியா கீழ விழணுமோ, அதே சந்து வழியா மேல ஏறும். சுருள் கனம், அது எதிர்காத்தத் தாண்டி விழுந்துடும். மாவு மாதிரி இருக்கிற சாண்டர் தூள் விழாது, திரும்ப மேல போயிடும். நீங்க சொல்ற அறிகுறி அட்சரம் பிசகாம இதுதான்.

காங்கேயம் பக்கம் ரைஸ் மில்லு கூரையைப் பார்த்திருப்பீங்க, தகரத்துல புனல் புனலா நிக்கும். அதுவும் சைக்ளோன்தான், தவிட்டையும் தூசியையும் காத்துல இருந்து பிரிக்கறது. காத்த இழுத்து ஓட்டற மில்லுல அந்தப் புனலோட அடி வாயில ஏர்லாக்னு ஒண்ணு மாட்டியிருப்பாங்க. உள்ள இறக்கை வெச்ச உருளை மெதுவா சுத்தும். தவிடு கீழ இறங்கும், காத்து மேல ஏறாது. அடிவாய் திறந்திருந்தா சைக்ளோன் சைக்ளோனே இல்லைன்னு மில்லுக்காரருக்குத் தெரியும். நமக்கு மோட்டார் வெச்ச ஏர்லாக் வேண்டியதில்ல, இறுக்கமான மூடி போதும்.

லீக் எங்கன்னு கண்டுபிடிக்க ஊதுபத்தி காட்டச் சொல்லி சில பேர் சொல்றாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க, மரத்தூள் பக்கெட்டுக்குப் பக்கத்துல கங்கு வேண்டாம். உங்க வாக்யூம்ல பின்னாடி காத்து ஊதற வாய் இருக்கும் பாருங்க. பக்கெட்டைக் காலி பண்ணி, ஓஸை அந்த வாயில மாட்டி, தூள் நுழையற குழாயைத் துணி வெச்சு அடைச்சுட்டு ஓட்டுங்க. மூடி ஓரம், திருகாணித் தலை, குழாய் இறங்குற இடம் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணிய பிரஷ்ல தடவுங்க. எங்க நுரை குமிழ் விடுதோ அங்கதான் லீக். பஞ்சர் கடைக்காரர் டியூபப் பார்க்கற முறைதான். திருகாணி ஒவ்வொண்ணுலயும் முட்டை முட்டையா வரும், ஆச்சரியப்படாதீங்க.

சரி பண்றது எப்படி? அந்தப் பிளாஸ்டிக் மூடியத் தூக்கிப் போடுங்க. 12 மில்லி பிளைவுட்ல பக்கெட் வாயை விட ரெண்டு விரக்கடை பெருசா வட்டம் வெட்டி, அடிப்பக்கம் பக்கெட் விளிம்பு வந்து உக்கார்ற மாதிரி ரௌட்டர்ல ஒரு காடி எடுங்க. காடிக்குள்ள கதவுக்குப் போடற ரப்பர் பீடிங்க ஒட்டுங்க. வாக்யூம் ஓடும்போது மூடி தானா கீழ அழுந்தும், ரெண்டு பக்கம் கிளிப் போட்டா போதும். திருகாணி ஓட்டை, குழாய் சுத்தி எல்லாம் சிலிக்கான். எம்-சீல் பிளைவுட்ல பிடிக்கும், பக்கெட் பிளாஸ்டிக்ல நாளாவட்டத்துல விட்டுடும்.

தட்டுல ரெண்டு அளவு பாருங்க. இப்படி ஓரத்துல சந்து விட்ட தட்டு அமைப்பைத் தீன் பேஃபிள்னு சொல்வாங்க. சந்து வட்டம் முழுக்க இருக்கக் கூடாது. 360 டிகிரில 240 டிகிரிக்கு மட்டும், அகலம் 28 மில்லி. மீதி 120 டிகிரி சுவரோட ஒட்டி இருக்கணும், தூள் நுழையற குழாய் அந்த வெட்டாத பகுதிக்கு மேல வரணும். உங்க போட்டோல சந்து விரல் நுழையாத அளவுக்குத் தெரியுது, அதுல சுருள் சிக்கிக்கும். ரெண்டாவது, நடுக்குழாய். அது தட்டுக்கு மேல, குழாய் விட்டத்துல பாதி உயரத்துல நிக்கணும். 50 மில்லி குழாய்னா 25 மில்லி இடைவெளி. இன்னும் கீழ இறக்கினா இழுவை குறையும், ரொம்ப மேல தூக்கினா தூள் சுத்தறதுக்கு முன்னாடியே குறுக்கு வழில வெளியேறிடும். ஓஸ் அளவும் பிவிசி அளவும் ஒத்துப் போகாதுன்னு டேப் சுத்தியிருக்கீங்க. ஹீட் கன்ல பைப் வாயைச் சூடு பண்ணி, ஓஸ் முனையையே உள்ள விட்டு விரிச்சு ஆறவிடுங்க. கச்சிதமா உக்காரும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. லீக் எல்லாம் அடைச்சதும் புதுசா ஒண்ணு நடக்கும். ஓஸ்ல கட்டை சிக்கி அடைச்சா பக்கெட் டப்புன்னு உள்வாங்கிடும். வாக்யூம் டப்பால இழுவை அழுத்தம் 18 கிலோபாஸ்கல்னு போட்டிருந்தா, 30 சென்டிமீட்டர் மூடி மேல மட்டும் கிட்டத்தட்ட 130 கிலோ எடை அழுத்தற கணக்கு. ரெண்டு ஆள் ஏறி நிக்கற மாதிரி. அதனால ஒரே அளவு பக்கெட் ரெண்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, உள்ள நடு உயரத்துல ஒரு பிளைவுட் வளையம் கொடுங்க. முக்கால் பக்கெட் நிறையறதுக்கு முன்னாடியே கொட்டிடுங்க. தூள் தட்டுக்குக் கிட்ட வந்துட்டா சுத்தற காத்து அதையும் கிளப்பிட்டுப் போயிடும்.

ஷாக் அடிக்குமான்னு இன்னும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. பிளாஸ்டிக் ஓஸ்ல தூள் உரசி ஓடும்போது சுருக்குன்னு அடிக்கும், குறிப்பா பனிக்காலத்துல. ஓஸ் மேல இன்சுலேஷன் இல்லாத செம்புக் கம்பியச் சுத்தி எர்த்ல சேர்த்துடுங்க. இந்த அளவு பட்டறையில நான் அதை விடப் பயப்படறது நெருப்புப் பொறிக்குத்தான். கிரைண்டர்ல இரும்பு தேய்க்கற பொறிய இந்த பக்கெட்டுக்குள்ள இழுக்கவே இழுக்காதீங்க. மரத்தூளுக்குள்ள அது கனன்னுட்டே இருக்கும், நீங்க கதவப் பூட்டிட்டுப் போன அப்புறம்தான் பத்தும்.

இப்ப தம்பி கேட்காத ஒண்ணு. இந்த செபரேட்டர் காப்பாத்தறது பில்டரை. உங்க நுரையீரலை இல்ல. எவ்வளவு நல்லா செஞ்சாலும், 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூள்ல ஒரு பங்கு இதைத் தாண்டிப் போகத்தான் செய்யும், அதுதான் நெஞ்சுக்குள்ள இறங்கறது. மரத்தூளை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே முதல் பிரிவுல சேர்த்திருக்கு, மூக்குக்குள்ள வர்ற புற்றுநோய வெச்சு. அதனால வாக்யூம்ல ரொம்ப நைஸ் தூளையும் பிடிக்கற ஹெப்பா பில்டர் போடுங்க, செபரேட்டர் முன்னாடி இருக்கறதால அது நாள்பட உழைக்கும். இன்னொரு வழி, உங்களது மாடி ரூம்தான, வாக்யூமையே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூரைக்கு அடியில வெச்சு ஓஸை மட்டும் உள்ள விடுங்க. சத்தமும் குறையும். பக்கத்து வீட்டுத் துணிக் கொடி எங்க இருக்குன்னு மட்டும் பார்த்துக்கோங்க. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செஞ்ச பலகை) அறுக்கும்போதும் சாண்டர் ஓட்டும்போதும் என்95 மாஸ்க் கண்டிப்பா. துண்டைக் கட்டிக்கிட்டு வேலை செய்யறவங்களைத்தான் எல்லாப் பட்டறையிலயும் பார்க்கறேன், நைஸ் தூளுக்கு அந்தத் துண்டு ஒரு தடையே இல்ல.

கடைசி வரில "பின்னாடி பலகை இழைக்கற பிளேனர் வாங்கப் போறேன், இதே பக்கெட் தாங்குமா"ன்னு கேட்டிருக்கீங்க. தாங்காது. பிளேனருக்குப் போடற 4 இஞ்ச் குழாய்ல மரத்தூள் தேங்காம ஓட காத்து நிமிஷத்துக்கு 4000 அடி வேகத்துல போகணும், அதுக்கு நிமிஷத்துக்கு சுமார் 350 கன அடி காத்து வேணும். உங்க வாக்யூம் 100 தாண்டறதே கஷ்டம். வாக்யூமுக்கு இழுக்கற வலு ஜாஸ்தி, காத்து அளவு கம்மி. பிளேனருக்கு நேர் எதிரா வேணும், 2 எச்பி புளோயர் வெச்ச டஸ்ட் கலெக்டர், கீழ 200 லிட்டர் இரும்பு டிரம். தகர வேலை தெரிஞ்சவர் கிட்ட கொடுத்தா சைக்ளோன் புனலும் அடிச்சுக் கொடுப்பாரு, கோயமுத்தூர் பக்கம் அதுக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல. டிரம் மூடிக்கும் அதே சோப்புத் தண்ணி டெஸ்ட்தான்.

அடுத்தது, தேக்குப் பலகை ஒட்டின அப்புறம் வளைஞ்சு போகுதுன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு...