பெயரைச் சொல்லாதீர்கள், முதல் வரியைப் படியுங்கள்: வாய்ஸ் ஓவர் தளங்களுக்கு ஆடிஷன் அனுப்புவது

(திரையில்: ஒரே வேலைக்கு வந்த நாற்பது ஆடியோ கோப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக)

வணக்கம். இப்போது நீங்கள் பார்ப்பது வாய்ஸ் ஓவர், அதாவது விளம்பரம், வீடியோ மாதிரியானவற்றுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கும் வேலை, அதைக் கொடுப்பவரின் திரை. நாற்பது பேர் ஆடிஷன், அதாவது ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டும் மாதிரிக் குரல், அனுப்பியிருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் அவர் ஒருவரைப் பிடித்தாக வேண்டும். நாற்பதையும் முழுசாகக் கேட்பாரா? மாட்டார். பிளேயை அழுத்துவார், ஐந்து விநாடி கேட்பார், பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார்.

இப்போது இதைக் கேளுங்கள்.

(ஒலி: "வணக்கம், நான் சென்னையிலிருந்து பேசுகிறேன், எனக்கு இந்தத் துறையில்...")

போச்சு, ஐந்து விநாடி முடிந்துவிட்டது. இன்னும் ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட வரவில்லை. முதல் ஒரு வருஷம் நானும் இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், பதிலே வராதபோது மைக்தான் சரியில்லை என்று நினைத்துப் புது மைக் வேறு வாங்கினேன். வேலை அறிவிப்பில் பெயரைச் சொல்லச் சொன்னால் ஒழிய, நேராக ஸ்கிரிப்டின் முதல் சொல்லில் ஆரம்பியுங்கள். பெயர் கோப்பின் தலைப்பில் இருந்தால் போதும். ‘ஃபைனல் நியூ 3’ என்று தலைப்பு வைக்காதீர்கள், பெயரும் வேலையின் எண்ணும் இருக்கட்டும்.

சரி, எந்தத் தளங்கள்? வாய்ஸ்123 என்பது 2003இல் வந்தது. வாய்சஸ்.காம் 2005இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரத்தில் தொடங்கியது. இங்கிலாந்து லண்டன் இல்லை, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இவற்றில் வேலை வரும், நீங்கள் ஆடிஷன் அனுப்ப வேண்டும். ஃபைவர் வேறு மாதிரி, அங்கே நீங்கள் கடை விரித்து உட்கார வேண்டும், வாங்குபவர் தேடி வருவார், கிடைக்கும் பணத்தில் 20 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். நூறு டாலர் வேலை என்றால் உங்கள் கைக்கு எண்பது. ஆடியோ புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளத்தில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து நாடுகளில் வசிப்பவர்கள்தான் சேர முடியும், அதனால் இந்தியாவில் இருந்துகொண்டு அதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஆனாலும் ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் ஒலி அளவுகளை எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், நல்ல அளவுகோல் அது. நீங்கள் பேசாதபோது அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும், குரலின் உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆடாசிட்டி இலவச மென்பொருள்தான். நீங்கள் பேசாத சில விநாடிகளை அதில் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ஆர்எம்எஸ் (சராசரி ஒலி) அளவைப் பாருங்கள். மைனஸ் 45 என்று, அதாவது மைனஸ் 60ஐவிடச் சத்தமாக, வந்தால் குற்றவாளி அநேகமாகத் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன், அல்லது பக்கத்து அறை ஃப்ரிட்ஜ். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் வசதியை அழுத்தித் தேய்த்து சரிசெய்யப் பார்க்காதீர்கள், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள், பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து முடிக்கும்வரை காத்திருங்கள். வேறு வழியில்லை.

இனி ஆடிஷன். ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

(திரையில்: "தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்")

நாலே சொல். அதில் ழ இரண்டு இடத்தில் வருகிறது, ‘ஒன்றை’ வேறு இருக்கிறது. அறிவிப்பில் ‘நட்பாக, பேசுவது போல’ என்று போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் உடனே ரயில் நிலையக் குரலுக்குப் போய்விடுவார்கள், ‘அழுத்தவூஊம்’ என்று கடைசியில் ஒரு இழுப்பு. அப்படி வேண்டாம். வீட்டுக்கு வந்த பெரியம்மாவுக்கு ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று காட்டுவது போலச் சொல்லுங்கள், அழுத்தம் ‘ஒன்றை’ மேல் விழட்டும், ‘தொடர’வுக்குப் பிறகு மூச்சளவு இடைவெளி போதும். நான் இரண்டு டேக், அதாவது ஒரே வரியை இரண்டு விதமாகப் பதிவு செய்து, அனுப்புவேன், ஒன்று அவர்கள் கேட்டபடி, இன்னொன்று கொஞ்சம் வேறு வேகத்தில். மூன்றாவது அனுப்பினால் நமக்கே தீர்மானம் இல்லை என்று தெரிந்துவிடும்.

இலங்கைத் தமிழ் வேண்டும் என்று போட்டிருந்தால் மதுரைக்காரர் அந்த வேலையை விட்டுவிடுவது மரியாதை. யாழ்ப்பாணத்துக்காரர் முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டதற்கெல்லாம் அனுப்புவதில் லாபமும் இல்லை.

டெமோ என்பது வேறு. அது தளத்தில் உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் எப்போதும் கிடக்கும் சாம்பிள். விளம்பரம், பாடக்காணொலி, ஐவிஆர் (போனில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் குரல்), கார்ட்டூன் எல்லாவற்றையும் மூன்று நிமிஷக் கதம்பமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டெமோ, ஒரு நிமிஷத்துக்குள், உங்களுடைய சிறந்த துண்டு முதலில். பின்னணி இசை குரலை மூடினால் அதை எடுத்துவிடுங்கள்.

பணம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பல வேலைகளில் ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபார் தோஸ் ஹூ ஹேவ் பீன் வெயிட்டிங்’ ஆறு சொல். தமிழில்? ‘காத்திருந்தவர்களுக்காக’. ஒரே சொல், வாயில் நுழைய அதே நேரம். தமிழ் ஸ்கிரிப்டின் சொல்லை எண்ணி விலை ஒத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். முடிந்த ஆடியோவின் நிமிஷக் கணக்கில் கேளுங்கள், அல்லது ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். கம்பெனிக்குள் காட்டும் பயிற்சி வீடியோவுக்கும் டிவி விளம்பரத்துக்கும் ஒரே விலை சொல்லாதீர்கள், விளம்பரம் என்றால் எத்தனை மாதம், எந்த ஊர்களில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம், ஆடிஷனுக்கு முழு ஸ்கிரிப்டையும் படிக்கச் சொன்னால் உஷார். ஒரு முறை மூன்று பக்கத்தையும் படித்து அனுப்பினேன், பதில் இல்லை, சில வாரம் கழித்து நான் அனுப்பிய அதே குரலை ஒரு வீடியோவில் கேட்டேன். அதற்குப் பிறகு முப்பது விநாடிக்கு மேல் அனுப்புவதில்லை, நடுவில் ஒரு எண்ணையோ கம்பெனிப் பெயரையோ வேண்டுமென்றே மாற்றிப் படித்துவிட்டு அதைக் குறிப்பில் சொல்லிவிடுவேன். ஒப்பந்தத்தில் குரலை ஏஐ பயிற்சிக்கோ செயற்கைக் குரல் உருவாக்கவோ பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது தனி வேலை, தனி விலை. பேசியதைவிடக் கூடுதல் தொகைக்கு ஒரு செக் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பிப் போடச் சொல்பவர் வாடிக்கையாளரே இல்லை, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தேர்வாகவில்லை என்று பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அனுப்பிய தேதியையும் வேலையின் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, நிறுத்திவைத்த ஃப்ரிட்ஜை மறக்காமல் போடுங்கள்.