லா கூர்ல (வீட்டு முற்றத்துல) லைட் போடறதுக்கு முன்னாடி: ரீயூனியன் தீவு வீடுகளுக்கு

[காட்சி: பொழுது சாயற நேரம். சேன் பியேர்ல ஒரு வீட்டு முற்றம். லீச்சி மரம், வேலியோரம் செம்பருத்தி.]

குரல்: வணக்கம். தோட்டத்துக்கு லைட் வேணும்னா நேரா கடைக்குப் போய் எது அழகா இருக்குன்னு பாக்கறதுதான் வழக்கம். இந்தத் தீவுல அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது, வெளிச்சம் எங்க போகக்கூடாதுன்னு. வானத்துக்குப் போகக்கூடாது.

[காட்சி: பித்தோன் தே நேஜ் மலை.]

பாரோ பெட்ரெல்னு ஒரு கடல்பறவை. கிட்டத்தட்ட முழுக்க இந்த மலை உச்சிகள்லதான் கூடு வைக்குது. ஏப்ரல்ல குஞ்சுங்க முதல் தடவையா, ராத்திரில, கடலைத் தேடிப் பறக்கும். நடுவுல ஊர் வெளிச்சத்துல மயங்கி தரைல விழுந்துடும். சமதரைலேருந்து அதுங்களால எழும்ப முடியறதில்ல. அப்புறம் நாய், பூனை, வண்டிதான். இதுக்காகவே ஏப்ரல்ல பல கொம்யூன்ல, அதாவது ஊராட்சியில, தெருவிளக்கையே அணைச்சு வைக்கிறாங்க. தெருவே இருட்டா இருக்கறப்ப நாம பனைமரத்தடில ஸ்பாட் லைட்டை வெச்சு மேல அடிச்சா என்ன பிரயோஜனம்? விளம்பரத்துல எல்லாம் அந்தப் பனைமரம் இருக்கும். பறவையை விடுங்க, எனக்கு அது ஓட்டல் வாசல் மாதிரிதான் தெரியுது.

விழுந்த குஞ்சு கிடைச்சா துணி போட்டு எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வைங்க. தீனி, தண்ணி எதுவும் வேண்டாம். செஓர் பறவை அமைப்புக்கு போன் பண்ணிடுங்க.

[காட்சி: முழங்கால் உயரத்துல, தலையில மூடி போட்ட விளக்கு.]

அப்ப எதை வாங்கறது? மேல மூடி இருக்கணும், வெளிச்சம் கீழ மட்டும் விழணும். நிறம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள். கிடைச்சா அதுக்கும் கம்மி. வெள்ளை வெளிச்சத்துல இருக்கற நீலத்துக்குப் பூச்சி கூட்டமா வரும். வாசப்படி, நடைபாதை, கார் நிக்கிற இடம், இது போதும். முற்றத்துல குட்டிக் கோயில் வெச்சிருக்கறவங்க, கூரைக்கு உள்பக்கமா ஒரு சின்ன விளக்கு போடுங்க. சாமி முகம் தெரியும், வெளிய சிதறாது. கார் பக்கம் ஆள் வந்தா எரியற சென்சார் வைங்க.

தூசி, தண்ணி உள்ள போகாம எவ்வளவு தாங்கும்னு சொல்ற எண்தான் ஐபி. மழை படற இடத்துக்கு ஐபி 65, தரையில பதிக்கறதுக்கு ஐபி 67. கடலோரம்னா மலிவான அலுமினியம் உப்புக்காத்துல பொரிஞ்சுடும். பித்தளை, இல்லன்னா 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க.

சோலார் லைட் மேற்குப் பக்கம் சேன் ழீல்ல நல்லா ஓடும். கிழக்குல சேன் பெனுவா பக்கம் மழை விடாத வாரத்துல நம்பாதீங்க. இன்னொண்ணு, நாம பூமத்திய ரேகைக்குத் தெற்க இருக்கோம். புதுச்சேரில தெற்கு பாத்து வெச்ச பலகையை இங்க வடக்கு பாத்து வைக்கணும்.

[காட்சி: கடப்பாரை கருங்கல்லுல மோதற சத்தம்.]

இனி வயரிங். 230 வோல்ட்டை மண்ணுக்கடியில கொண்டு போகணும்னா 60 சென்டிமீட்டர் ஆழம், சிவப்புக் குழாய், மேல எச்சரிக்கை வலை. எரிமலைப் பாறைல 60 சென்டிமீட்டர் தோண்டிப் பாருங்க, அப்ப புரியும். அந்த வேலை எலக்ட்ரீஷியனுக்கு. நாமளே செய்ய ஏத்தது 12 வோல்ட் எல்ஈடி. 230 வோல்ட்டை 12-ஆ குறைக்கற ட்ரான்ஸ்பார்மரை வராங்குல (வராந்தால), நனையாத இடத்துல மாட்டுங்க. அது சேர்ற லைன்ல 30 மில்லிஆம்பியர் டிஃபரான்சியெல் இருக்கணும், மின்கசிவு வந்தா லைனை வெட்டற சுவிட்ச், ஊர்ல ஆர்சிசிபின்னு சொல்றோமே, அதுதான். நீச்சல்குளம் இருந்தா அதைச் சுத்தி எதையும் தொடாதீங்க. அதுக்கு விதி தனி.

12 வோல்ட்ல ஷாக் பயம் கம்மி. ஆனா வோல்ட்டேஜ் வழியிலயே கரையும். மொத்தம் 60 வாட் விளக்குன்னா 5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.012 ஓம் தடை. எல்லா விளக்கும் 20 மீட்டர் தள்ளி இருந்தா, போக வர 40 மீட்டர், 0.48 ஓம். 5-ஆல பெருக்குங்க, 2.4 வோல்ட் காணோம். மிச்சம் 9.6. கடைசி விளக்கு மங்கலா எரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் விளக்கு இல்ல, இதுதான்.

[காட்சி: காகிதத்துல கோடு. நடுவுல ட்ரான்ஸ்பார்மர், ரெண்டு கை.]

இப்ப அதே கம்பி. ட்ரான்ஸ்பார்மரை நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் 10 மீட்டர், பாதிப் பாதி விளக்கு. ஒரு கைல 2.5 ஆம்பியர், 0.24 ஓம், இழப்பு 0.6 வோல்ட். நாலுல ஒரு பங்கு! வெறும் இடம் மாத்தினதுக்கு. நடுவுல வைக்க வழி இல்லன்னா 4 சதுர மில்லிமீட்டர் கம்பி வாங்குங்க. காசு கூடத்தான்.

இணைப்புகளை ஜெல் நிரப்பின டப்பாலதான் போடணும், டேப் சுத்தினா முதல் மழைக்கே போச்சு. கூரான கம்பில குத்தற விளக்குன்னா, புயல் எச்சரிக்கை வந்ததும் பிடுங்கி உள்ள வைங்க. 2024 ஜனவரில பெலால் புயல், 2025 பிப்ரவரில கரான்ஸ். அந்தக் காத்துல குத்தி வெச்ச விளக்கு நிக்கும்னு நினைக்காதீங்க.

பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி எல்லா விளக்கையும் எரிய விட்டு, கடைசி விளக்குல மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 11 வோல்ட்டுக்கு மேல காட்டினா மண்ணைத் தள்ளிடலாம்.